குடிப்பவரை எங்கே அழைத்துப் போவது?

கால் வீங்கியிருக்கிறது. சோறு இறங்கவில்லை. காலையில் டம்ளரைப் பிடிக்கும் கை நடுங்குகிறது. வீட்டில் ஆளுக்கொரு யோசனை. மச்சான் மறுவாழ்வு மையத்தில் சேர்க்கச் சொல்கிறார், அத்தை கோயிலில் கயிறு கட்டலாம் என்கிறார், பக்கத்து வீட்டில் சாம்பாரில் கலக்கும் மாத்திரையைச் சொல்கிறார்கள். எல்லாரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இவற்றில் சில உயிரைக் காக்கும், சில உயிரை எடுத்துவிடும். அவருடைய குணத்தையோ உறவினர் பேச்சையோ வைத்து முடிவெடுக்காதீர்கள். உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

ரத்த வாந்தி, கன்னங்கரேலென்று மலம், வலிப்பு, குடிக்காத நேரத்திலும் இடம் நேரம் தெரியாமல் உளறுவது: இவற்றில் எது வந்தாலும் தேர்வுக்கே இடமில்லை, 108தான். கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்து, கால் வீங்கியிருந்தால் அந்த வாரமே கல்லீரலைப் பார்க்கும் மருத்துவரிடம் போக வேண்டும். காமாலை என்றதும் கீழாநெல்லிச் சாறு கொடுத்துக் காத்திருப்பது நம் ஊர் வழக்கம். குடியால் வந்த காமாலையில் அப்படிக் காத்திருக்கும் நாட்கள் விலை மிகுந்தவை. ஆரம்பநிலைக் கொழுப்புக் கல்லீரல், குடியை நிறுத்திய சில வாரங்களில் பெரும்பாலும் தேறிவிடும். சுருங்கித் தழும்பேறிய கல்லீரல் அப்படித் திரும்புவதில்லை.

அவசர நிலை இல்லையென்றால் அடுத்த கேள்வி, வீட்டிலேயே நிறுத்தலாமா என்பது. 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அதைத் தினமும், பல வருடங்களாகக் குடித்தவரின் மூளை அதற்கே பழகிவிட்டது. ஒரே நாளில் நிறுத்தினால், 6 மணி நேரம் போல ஆனதும் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலருக்குப் பூச்சி ஊர்வதாகவும் யாரோ வாசலில் நிற்பதாகவும் தோன்றும். இந்தக் கட்டத்தைச் சிகிச்சையின்றி விட்டால் சாவு வரைக்கும் போகும். சபரிமலைக்கு மாலை போட்டு நிறுத்துகிறவர்களுக்கும் இது நடக்கும். மாலையும் கயிறும் தரும் மன உறுதியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்த விரத நாட்கள்தான் சிலருக்குக் கிடைக்கும் ஒரே இடைவெளி. ஆனால் மாலை போடுமுன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

முன்பு வலிப்பு வந்தவர், காலையிலேயே குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், கல்லீரல் கெட்டவர் ஆகியோர் மருத்துவமனையில் தங்கித்தான் நிறுத்த வேண்டும். மற்றவர்களுக்கு மருத்துவர் தரும் மாத்திரையோடு, பொறுப்பான ஒருவர் கூடவே இருந்தால், வீட்டிலும் முடியும். தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வருவது இதற்கு மாற்றே இல்லை. தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம். ஊசி போட்டார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

தங்கும் இடம் என்றால் அரசு மருத்துவமனையா, தனியார் மையமா? என்னைக் கேட்டால், உடம்பு கெட்டிருக்கிறவருக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுதான் முதல் வாசல். மனநல மருத்துவரும் வயிறு, கல்லீரல் பார்ப்பவரும் பெரும்பாலும் ஒரே வளாகத்தில் இருப்பார்கள், செலவும் இல்லை. கூட்டம் இருக்கும், கூட ஒருவர் தங்க வேண்டும், வீடு திரும்பிய பிறகு அவரைத் தொடர்ந்து அழைத்துப் போவது உங்கள் கையில்தான். நல்ல மறுவாழ்வு மையத்தின் பலம் வேறு. மருந்தோடு, பல வாரம் ஒழுங்கான நாள், ஆலோசனை, குடும்பத்துக்கும் தனி வகுப்பு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் குடியால் கணவரை இழந்த பின் 1980இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை இந்த வழியை நம் ஊரில் நிறுவிக் காட்டியது.

எல்லா மையமும் அப்படி இல்லை என்பதுதான் வேதனை. கார் அனுப்பி ஆளைத் தூக்கிப் போகிறோம், மூன்று மாதம் யாரும் பார்க்க வரக்கூடாது என்று சொல்லும் இடத்தின் படியேறாதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியோடு சேர்ந்த மனநோய்களுக்கும் பொருந்தும். சங்கிலியால் கட்டுவதை அது தடை செய்கிறது. மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, இரவில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள், நான் எப்போது வந்து பார்க்கலாம் என்று கேளுங்கள். மழுப்பினால் திரும்பிவிடுங்கள்.

சாம்பாரில் அவருக்குத் தெரியாமல் கலக்கும் மாத்திரை பெரும்பாலும் டைசல்ஃபிராம். அதோடு குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவர் செத்தும் போகலாம், கல்லீரலையும் அது கெடுக்கக்கூடும். சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே அது மருந்து. ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் உண்டு. கல்லீரல் சுருங்கியவர்களுக்கு பேக்லோஃபென் தந்து ஆராய்ந்திருக்கிறார்கள். எது யாருக்கு என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்தே சொல்ல முடியும்.

இத்தனையும் அவர் வரச் சம்மதித்தால். பல வீடுகளில் அவர் "எனக்கு ஒண்ணுமில்ல, நீ போய் வேலையப் பாரு" என்கிறார். அமெரிக்காவில் இப்படி மறுப்பவர்களின் குடும்பத்தாரை வைத்து நடத்திய ஆய்வொன்று 1999இல் வெளியானது. எல்லாரும் திரண்டு உட்கார வைத்துப் பேசும் முறைக்குப் பழக்கிய குடும்பங்களில் 30 சதவீதம் பேரே சிகிச்சைக்கு வந்தார்கள். வீட்டாரின் அன்றாட நடத்தையை மாற்றப் பழக்கிய முறையில் 64 சதவீதம். போதையில் இருக்கும்போது வாதாடாமல் காலையில் பேசுவது, குடிக்காத நாளில் கூடவே உட்கார்ந்து சாப்பிடுவது, "அவருக்குக் காய்ச்சல்" என்று ஆபீசுக்குப் பொய் சொல்லாமல் இருப்பது போன்றவைதான் அந்த மாற்றம். குடிப்பவர்களின் வீட்டார் கூடும் அல்-அனான் கூட்டங்களின் வழியில் 13 சதவீதம். ஆனால் அந்தக் கூட்டங்களின் நோக்கமே குடிப்பவரைக் கொண்டுவருவதல்ல, வீட்டாரைத் தாங்குவது. அதற்காகவே போங்கள். அவர் மனம் மாறும் நாளில், குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஏ.ஏ. கூட்டம் கட்டணமின்றிக் காத்திருக்கும்.

அவர் அடித்தால், பிள்ளைகள் பயந்து ஒடுங்கினால், சிகிச்சை பிறகு. பாதுகாப்பான உறவினர் வீடும் 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் முதலில். மற்றபடி அவர் வராவிட்டாலும் மனநலப் பிரிவுக்கு நீங்கள் மட்டும் போகலாம், 14416 என்ற மனநல உதவி எண்ணிலும் பேசலாம். எவ்வளவு குடிக்கிறார், காலையில் நடுங்குகிறாரா, எப்போதாவது வலிப்பு வந்ததா, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை ஒரு தாளில் எழுதி, பழைய ரத்தப் பரிசோதனை சீட்டுகளோடு எடுத்துப் போங்கள்.