மாத்திரைச் சீட்டில் ‘காலை’ என்றால் எப்போது?

வடுகபட்டி பூண்டு சந்தை நாள்ல, கொடைக்கானல் மலைப்பூண்டு மூட்டையெல்லாம் லாரியில ஏத்தி முடிக்க விடிஞ்சிடும். எங்க பெரியப்பாவுக்கு அந்த வேலைதான். போன வருஷம் ஒரு நாள் ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்தவர், சீட்டுல ‘காலை, சாப்பாட்டுக்கு முன்’னு இருந்த சுகர் மாத்திரையைப் போட்டுட்டு, அசதியில சாப்பிடாமலே படுத்துட்டார். ஒன்பது மணிக்குப் பெரியம்மா எழுப்பினப்ப உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், பேச்சு குழறுது. நல்லவேளை, முழுங்குற நிலைமையில இருந்தார். சர்க்கரைத் தண்ணி குடிச்சதும் தெளிஞ்சார்.

அது கிளிமிபிரைடு. கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும். வயித்துல சோறு இருக்கா இல்லையான்னு பார்க்காது. ராத்திரி முழுக்க மூட்டை தூக்கினதுல சர்க்கரை வேற செலவாகியிருக்கு. சீட்டுல இருந்தது தூங்கி எழுந்தவரோட காலை. பெரியப்பாவுக்கு அதுதான் ராத்திரி.

நம்ம உடம்புல ஓடுறது ஒரே கடிகாரம் இல்ல. மூளையில ஹைப்போதலாமஸ்ல சுமார் 20,000 நரம்பு செல்கள் வெளிச்சத்தை வச்சு நேரம் பார்க்குது. கல்லீரல், கணையக் கடிகாரங்கள் சாப்பாட்டு நேரத்தையும் கணக்குல எடுக்கும். ராத்திரி மெலடோனின் ஏறும்போது இன்சுலின் சுரப்பு மந்தமாகுது. அதனால காலையில சாப்பிட்ட அதே நாலு இட்லி, நடுராத்திரியில சுகரைக் கூடுதலா ஏத்தும். (ஒரு மணிக்கு பரோட்டா தேடிப் போற ஹாஸ்டல் மக்களே, நானும் உங்க கூடத்தான் வந்தேன்.)

கடிகாரம் எதைப் பார்த்து நேரத்தைச் சரிபண்ணுதுங்கிற ஆராய்ச்சி நமக்குப் பக்கத்துலயே நடந்திருக்கு. தேனி–மதுரை ரோட்டுல இருக்கிற காமராசர் பல்கலைக்கழகத்துல, எம்.கே. சந்திரசேகரன் குழு 1981ல வௌவால் ஆய்வு ஒண்ணை வெளியிட்டாங்க. வெளிச்சமே எட்டாத குகையில கூண்டுல இருந்த வௌவால்கூட, மத்த வௌவால்கள் வெளிய போய் வர்றதை வச்சே நேரத்தைப் பிடிச்சுக்கிச்சு. கூட்டம் இல்லாம தனியா வச்சா, அதோட ‘நாள்’ 24 மணி நேரத்துல இருந்து நழுவ ஆரம்பிச்சது.

அதுக்காக எல்லா மருந்துக்கும் நேரம் பார்க்கணும்னு இல்ல. கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிக்கிறது ராத்திரியில அதிகம். சிம்வாஸ்டாட்டின் சீக்கிரம் கரைஞ்சு போயிடுங்கிறதால அதை ராத்திரி போடச் சொல்றாங்க. அடோர்வாஸ்டாட்டின் ரொம்ப நேரம் தங்கும், எப்பவும் போடலாம். பிரஷர் மாத்திரையை ராத்திரி போட்டா இதயத்துக்கு நல்லதுன்னு ஒரு பேச்சு இருந்தது. பிரிட்டன்ல 21,104 பேரை வச்சுப் பார்த்து, காலையோ ராத்திரியோ ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக்ல வித்தியாசம் இல்லைன்னு 2022ல சொல்லிட்டாங்க. எது எந்த வகைன்னு டாக்டர்தான் சொல்லணும், நாமளா மாத்தக் கூடாது.

அடுத்த தடவை பெரியம்மாவும் கூடப் போய், ராத்திரி வேலைங்கிறதைச் சொன்னாங்க. டாக்டர் ‘காலை’யை அடிச்சுட்டு ‘அன்றைய முதல் சாப்பாட்டுடன்’னு எழுதிக் கொடுத்தார். இப்பல்லாம் இட்லி தட்டுக்கு வந்த பிறகுதான் பெரியம்மா மாத்திரை டப்பாவையே எடுக்கிறாங்க.