வெள்ளைத் துணியில் ஒரு வானம்

கடந்த தவணை எங்கள் நாடகத்திற்கு 1920களின் வீட்டு முற்றமொன்று தேவைப்பட்டது. மேடையமைப்பு எனது பொறுப்பு. வகுப்பில் சேர்த்த 3,000 ரூபாவையும் மட்டைக்கும் பெயின்ற்றுக்கும் செலவழித்து, காரை உதிர்ந்த சுவர்களை ஆசையோடு செய்து முடித்தேன். ஒத்திகையில் விளக்குகள் எரிந்ததும், முற்றத்தில் நின்ற தோழிக்கு மூன்று நிழல்கள் விழுந்தன.

"உங்கட ஊர்ல மூணு சூரியனா புள்ள?" என்று டீச்சர் கேட்டார். எல்லோரும் சிரித்தனர். காசு தந்த தோழியரின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

இதே சிக்கல் பெரிய கலைஞர்களுக்கும் வந்திருக்கிறது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். சத்யஜித் ராய் தமது முதற்படமான 'பதேர் பாஞ்சாலி'யைப் (1955) பணமின்றி இடையிடையே நிறுத்தி எடுத்தவர். அதற்குக் கல்கத்தாவுக்கு அருகே போரல் கிராமத்தில் ஒரு சிதைந்த வீட்டையே பயன்படுத்தினர். அடுத்த படமான 'அபராஜிதோ'வுக்கு (1956) காசி நகரத்து வீட்டின் உள்முற்றம் தேவைப்பட்டது. கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா அதைத் திறந்த வெளியில் கட்டவே எண்ணியிருந்தார். மழைக்காலத்திற்குப் பயந்து கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் கட்ட நேர்ந்தது.

ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா இதை முதலில் விரும்பவில்லை. உயர்ந்த சுவர்களுக்கு நடுவேயுள்ள முற்றத்தில் வெளிச்சம் வானத்திலிருந்து பரவலாக இறங்கும். அழுத்தமான நிழல் விழாது. ஸ்டூடியோ விளக்கோ நேராகப் பாய்ந்து நிழலை வெட்டிக் காட்டும். ஆகவே முற்றத்திற்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். விளக்குகளைக் கீழே வைத்து, துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் தெறித்த ஒளி, வான வெளிச்சம் போல் மென்மையாக இறங்கியது.

நானும் உம்மாவிடம் கெஞ்சி மூன்று வெள்ளைக் கட்டில் விரிப்புகள் வாங்கி வந்தேன். மேடைக்கு மேலே கயிற்றில் கட்டினோம். சூடேறிய விளக்கு துணியைச் சுட்டுவிடாதபடி தூர வைத்து மேல்நோக்கித் திருப்பினோம். நிழல்கள் மறைந்தன. ஆனால் முகங்கள் மங்கின. இன்னும் இரண்டு விளக்குகளை இரவல் பெற்ற பின்பே சரியாயிற்று. மட்டைச் சுவர் அப்போதுதான் சுவராகத் தெரிந்தது.

அடுத்த வருடம் மேடையமைக்கப் போகும் தங்கைகளே, பெயின்ற் வாங்கும் முன் விளக்கை எரித்துப் பாருங்கள். அந்த இடத்தில் வெளிச்சம் எங்கிருந்து வரும் என்று முதலில் கேளுங்கள். நான் அதைக் கடைசியில்தான் கேட்டேன்.