மானுக்குப் பயிரிடும் நிலம் தரும் பாடம்

காட்டோரம் நிலம் வைத்திருக்கும் உழவர் பெருமக்களுக்கு மான் என்றாலே கவலைதான். முளைத்து வரும் தட்டைப்பயற்றை ஓரிரவில் மேய்ந்துவிட்டுப் போய்விடும். ஆனால், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மரங்களை அகற்றி, உழுது, உரமிட்டு, மானுக்கென்றே பயிரிடும் நில உடைமையாளர்கள் பலர் உள்ளனர். அவர்களுடைய முறையை அறிந்துகொண்டால், புதிதாகத் திருத்திய நிலத்தில் பயிரிடவும், மானிடமிருந்து பயிரைக் காக்கவும் நமக்குச் சில பாடங்கள் கிடைக்கும்.

ஏன் பயிரிடுகிறார்கள்?

அங்கு வெண்வால் மானை உரிமம் பெற்று, குறித்த பருவத்தில், குறித்த எண்ணிக்கையில் வேட்டையாடச் சட்டம் இடமளிக்கிறது. வரைமுறையற்ற வேட்டையால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மான் பல மாநிலங்களில் அருகிவிட்டது. வேட்டைக் கட்டுப்பாடுகளாலும், துப்பாக்கி, தோட்டா மீதான வரியை வனவிலங்குப் பணிக்கு ஒதுக்கிய 1937ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் அது மீண்டும் பெருகியது. நிலத்தை வேட்டைக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டு உடைமையாளர்கள் வருமானம் பெறுகின்றனர். ஆகவே மானை ஈர்க்கப் பயிரிடுகின்றனர்.

நிலத்தைத் திருத்துதல்

முதலில் எந்த மரத்தை வெட்டக் கூடாது என்று முடிவு செய்கிறார்கள். இலையுதிர் காலத்தில் ஓக் மரத்தின் காய்களே மானுக்கு முக்கிய உணவு. நல்ல ஓக் மரங்களை வெட்டிவிட்டுப் பயிரிடுவது கையிலிருப்பதை இழப்பதாகும். செங்குத்தான சரிவுகளையும் ஓடைக் கரைகளையும் தொடுவதில்லை. அங்கு மரம் போனால் மண்ணும் போய்விடும்.

அடுத்தது மேல்மண். காட்டு நிலத்தில் வளமான மேல்மண் பெரும்பாலும் சில அங்குல ஆழமே இருக்கும். புல்டோசரின் தகட்டைத் தாழ்த்தி ஓட்டினால், வேரோடும் கட்டையோடும் இந்த மண்ணும் ஓரத்துக் குவியலுக்குப் போய்விடும். எஞ்சும் அடிமண்ணில் எவ்வளவு உரமிட்டாலும் பயிர் எளிதில் தேறாது. நீங்கள் புதர் நிலத்தைத் திருத்தும்போதும் இதை மறக்க வேண்டாம்.

சுண்ணாம்பும் உரமும்

அப்பகுதிக் காட்டு மண் பெரும்பாலும் அமிலத் தன்மை உடையது. பயறு வகைத் தீவனமான குளோவருக்குக் கார அமில நிலை 6 முதல் 7 வரை இருப்பது நல்லது. எனவே மண்ணைப் பரிசோதித்து, அதன்படி சுண்ணாம்புத் தூளை விதைப்புக்குச் சில மாதங்கள் முன்பே இட்டு மண்ணுடன் கலக்க வேண்டும். சுண்ணாம்பு மெதுவாகவே வேலை செய்யும். மேலும், புதைந்த வேரும் சருகும் மட்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். முதல் பயிர் வெளுத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பயிரும் விதைப்பும்

குளிர் காலத்திற்கு ஓட்ஸ், கோதுமை, ரை ஆகியவற்றுடன் குளோவரையும், கோடைக்குத் தட்டைப்பயறு, சோயா மொச்சையையும் விதைக்கின்றனர். குளோவர் விதை மிகச் சிறியது. கால் அங்குலத்திற்கு மேல் ஆழத்தில் விழக் கூடாது.

பயறு விதையுடன் ரைசோபியம் கலப்பது அவசியம். குளோவருக்குரிய ரைசோபியம் தட்டைப்பயற்றில் வேர் முடிச்சை உண்டாக்காது. நீங்களும் பொட்டலத்தில் உங்கள் பயிரின் பெயரும், காலாவதித் தேதியும் பார்த்து வாங்குங்கள். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்திற்குள் விதையுங்கள்.

கம்பிக் கூண்டுச் சோதனை

பயிர் முளைத்ததும், 4 அடி உயரக் கம்பி வலையை வளைத்து வயலுக்குள் ஒரு சிறு கூண்டு நடுகின்றனர். சில வாரம் கழித்துப் பார்த்தால், கூண்டுக்குள் பயிர் செழித்தும் வெளியே குட்டையாகவும் இருந்தால் மேய்ச்சலே காரணம். உள்ளேயும் நோஞ்சானாக இருந்தால் மண்ணையோ விதையையோ நீரையோ கவனிக்க வேண்டும். செலவு குறைந்த இச்சோதனையை மானோ ஆடோ மேயும் எந்த வயலிலும் நீங்கள் செய்து பார்க்கலாம்.

நாம் கவனிக்க வேண்டியவை

1. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவதும் குற்றம். அது மனித உயிரையும் பறிக்கும்.

2. தமிழ்நாடு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், 1949 பொருந்தும் இடங்களில், சொந்த நிலமானாலும் அனுமதியின்றி மரம் வெட்டக் கூடாது. வெட்டுமுன் வனத்துறையினரைக் கேளுங்கள்.

3. அவர்கள் மானை அழைக்க விதைப்பதை, நாம் மான் வரும் வழியில் விதைக்கக் கூடாது. தட்டைப்பயற்றையும் சோயாவையும் காட்டோர வரப்பை ஒட்டி விதைக்காமல், வீட்டுக்கு அருகிலுள்ள வயலில் விதையுங்கள்.

மானை வரவழைக்கத் தெரிந்தவர்களின் அனுபவத்தைத் திருப்பிப் பார்த்தால், அது வராமல் இருக்கவும் வழி தெரியும்.