உறுதியை வட்டில் ஏற்றுமுன்

1990 அக்டோபரில் இலங்கையின் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் வந்த முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் கையில் காணி உறுதிகூட இருக்கவில்லை. நகல் வேறோர் ஊரிலும் இருக்க வேண்டும் என்பதற்கு இந்தக் கரையில் வேறு சான்று தேவையில்லை.

அந்த நகலை வட்டில் எழுதி வைக்கலாம். ஸ்கேன் செய்த ஆவணங்களுக்கு 4.7 ஜிபி டிவிடி தாராளம். அழித்தெழுதும் ஆர்டபிள்யூ வட்டு வேண்டாம். ஒருமுறை மட்டும் எழுதும் ‘ஆர்’ வட்டே நல்லது. வட்டில் எழுதும் மென்பொருளில், எழுதியதைச் சரிபார்க்கும் ‘வெரிஃபை’ வசதி இருக்கட்டும். தனக்கு மட்டுமே புரியும் வடிவில் பூட்டிவைக்கும் மென்பொருள், இலவசமானாலும் வேண்டாம். சாதாரண பிடிஎஃப் போதும். புது மடிக்கணினிகள் பலவற்றில் டிவிடி டிரைவ் இல்லை, யுஎஸ்பியில் இணைக்கும் டிவிடி டிரைவ் ஒன்று வேண்டும். எழுதிய வட்டை இன்னொரு கணினியிலும் திறந்து பாருங்கள்.

கடற்காற்றின் ஈரமும் வெயிலும் வட்டுக்கு ஆகாது. சிலிக்கா ஜெல் பையோடு இறுக மூடிய டப்பாவில் வையுங்கள். இரண்டாவது பிரதி குருநாகலிலோ அனுராதபுரத்திலோ உள்ள உறவினர் வீட்டுக்கு.