நகத்தோடு நிற்கட்டும்

குடிபாலாவில் இருக்கும் தங்கைக்கு,

நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஆன்லைனில் வாங்கிய கிட்டை வைத்து வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ஜெல் பாலிஷ் ஏன் நாலைந்து நாளில் ஓரத்தில் தூக்கிக்கொண்டு உரிந்து வருகிறது? அதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கும் பக்கத்துத் தெருப் பெண் உன்னிடம் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறாள் என்று. என்னை உட்கார்ந்து எழுத வைத்தது அந்த வரிதான்.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நிறம் அழகு. கோடும் நேராகத்தான் வருகிறது. ஆனால் பத்து விரலிலும் பாலிஷ் நகக்கண்ணைத் தாண்டித் தோலில் ஏறியிருக்கிறது. உரிவதற்குக் காரணம் அதுதான். ஜெல் நகத்தைப் பிடித்துக்கொள்ளும், தோலைப் பிடிக்காது. தோல் அசைய அசைய அந்த ஓரம் விட்டுக்கொடுக்கும். பாத்திரம் தேய்க்கும்போதும் மாடு கறக்கும்போதும் அந்த இடுக்கில் தண்ணீர் இறங்கும். ஒரு பக்கம் தூக்கியதும் விரல் சும்மா இருக்காது, நோண்டும். அவ்வளவுதான் கதை.

உரிவது சின்ன நஷ்டம். தோலில் படுவது பெரிய நஷ்டம். கிட்டோடு வரும் காகிதத்தில் பொடி எழுத்தில் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும். அதனால் நான் சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

சாதாரண நெயில் பாலிஷில் இருக்கும் கரைப்பான் காற்றில் பறந்துவிடும், பாலிஷ் காய்ந்துவிடும். ஜெல் காய்வதில்லை. பாட்டிலில் இருப்பது அக்ரிலேட் வகைச் சிறு மூலக்கூறுகள். விளக்கின் ஒளி பட்டதும் அவை ஒன்றோடொன்று கைகோத்துக் கெட்டியாகின்றன. கைகோத்த பிறகு பெரும்பாலும் தொந்தரவு இல்லை. கைகோக்காத நிலையில் அவை தோலுக்குள் புகுந்துவிடும் அளவுக்குச் சிறியவை. ஹெமா என்று சுருக்கிச் சொல்கிற ஒன்று இதில் பேர்போனது. சாதாரண நைட்ரைல் கையுறையைக்கூடச் சில நிமிடங்களில் கடந்துவிடும். உள்ளே போனதை உடம்பு எதிரியாகக் குறித்து வைத்துக்கொண்டால், பிறகு அதை மறப்பதில்லை. முதல் தடவையே தெரியாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒன்றும் இல்லாமல் போட்டுக்கொண்டிருப்பாய். ஒருநாள் நகத்தைச் சுற்றி நமைச்சல் எடுக்கும். விரல் நுனி வெடிக்கும். நகம் சதையை விட்டுக் கிளம்பும். கண் இமை வீங்கும், கழுத்தில் தடிக்கும், ஏனென்றால் அந்த விரலால் நாம் முகத்தையும் தொடுகிறோம். வீட்டில் என்ன சொல்வார்கள் தெரியுமா? சூடு, போர்த் தண்ணி ஒத்துக்கலை, புது சோப்பு மாத்தினியா என்பார்கள். நகத்தில் போட்டது கண் இமையில் வரும் என்று யாருக்குத் தோன்றும்?

இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இதன் கனம் புரியும். 1954-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஃபிரெடெரிக் ஸ்லாக் என்ற பல் மருத்துவர், தன் உடைந்த நகத்தைப் பல் வேலைக்கு வைத்திருந்த அக்ரிலிக்கை வைத்தே ஒட்டிச் சரிசெய்தார். அக்ரிலிக் நகத் தொழில் அங்கிருந்துதான் கிளம்பியது. இன்றும் பல் அடைப்பு, பல் செட், மூட்டு மாற்று சிகிச்சையில் எலும்பைப் பிடிக்க வைக்கும் சிமென்ட் எல்லாம் இதே குடும்பத்துப் பொருள்கள்தான். சர்க்கரை அளவு பார்க்கக் கையில் ஒட்டுகிறார்களே, அந்தச் சில்லின் பசையிலும் இதன் உறவுக்காரர்கள் உண்டு. இருபது வயதில் நகத்துக்காக வரவழைத்துக்கொண்ட அலர்ஜியை அறுபது வயதில் மூட்டு மாற்றப் போகும்போதும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். நீ இன்னொரு பெண்ணின் கையைப் பிடிக்கும்போது அவளுடைய அந்த அறுபது வயதையும் சேர்த்துத்தான் பிடிக்கிறாய்.

அமெரிக்காவின் தொடுதோல் அழற்சி மருத்துவர் சங்கம் 2012-இல் அக்ரிலேட்டை அந்த ஆண்டின் அலர்ஜிப் பொருளாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் ஹெமா உள்ள நகப் பொருள்களைத் தொழில்முறைக்காரர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று விதி செய்தது. டி.பி.ஓ. என்ற, ஒளி பட்டதும் வேலையைத் தொடங்கிவைக்கும் பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருள்களில் அடியோடு தடைசெய்தது. நம் நாட்டிலும் 2020-இன் அழகுசாதன விதிகளின்படி, இறக்குமதிப் பொருளின் மேல் பதிவுச் சான்று எண்ணும் அதைப் பெற்றவரின் பெயர், முகவரியும் இருக்க வேண்டும். உன் கிட்டைத் திருப்பிப் பார். அந்த எண்ணும், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலும் இல்லையென்றால் அதை வேறொருவர் விரலில் வைக்காதே. உன் விரலிலும் வைக்காதே என்பேன். 'ஹெமா இல்லை' என்று போட்டிருந்தாலும் அக்ரிலேட்டே இல்லை என்று அர்த்தமில்லை. அதன் இடத்தில் அதே குடும்பத்து வேறொன்று இருக்கும்.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதே. இந்த வேலையை நேசிக்கிறவள் நான். வயலிலும் மாட்டுக் கொட்டகையிலும் உழைக்கிற கைக்கு அழகாக ஒன்று செய்துவிடும்போது அந்த முகத்தில் வருகிற மலர்ச்சி வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. அதனால்தான் சரியாகச் செய் என்கிறேன்.

முதலில் ஜெல்லை மூடி வை. சாதாரண நெயில் பாலிஷை எடுத்து, இரண்டு கையிலும் ஒரு சொட்டுகூடத் தோலில் படாமல் போட்டுப் பழகு. வலது கைக்காரிக்கு இடது கையால் வலது கைக்குப் போடுவதுதான் சோதனை. பிரஷ் பிடித்த கையின் மணிக்கட்டை மேசையில் அழுத்தி ஊன்றிக்கொள். பிரஷை நகர்த்தப் பார்க்காதே. பிரஷை நிலையாக வைத்துவிட்டு, போட்டுக்கொள்ளும் விரலை மெல்ல உருட்டு. அந்த ஒரு மாற்றத்திலேயே பாதி நடுக்கம் போய்விடும். நகக்கண்ணிலிருந்து ஒரு மயிரிழை இடைவெளி விட்டுத் தொடங்கு. அந்த இடைவெளி கண்ணுக்குக் குறையாகத் தெரியாது, சுத்தமாகத்தான் தெரியும். பத்து விரலும் சுத்தமாக வரும்வரை ஜெல் வேண்டாம். பிளாஸ்டிக் நக டிப்ஸ் கட்டுக்கட்டாக மலிவாகக் கிடைக்கிறது, ஜெல்லின் ஓட்டத்தை அதில் பழகிக்கொள்.

பிறகு ஜெல். நகத்தின் மேல் ஒட்டியிருக்கும் செத்த தோலை மட்டும் மெதுவாகத் தள்ளு, உயிருள்ள தோலை வெட்டாதே. வெட்டினால் நகச்சுத்திக்கு நீயே வாசல் திறந்துவிடுகிறாய். பஃபரால் பளபளப்பு போகிற அளவுக்குத் தேய்த்தால் போதும். நகத் தகடு சுமார் அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் எண்ணெய்ப் பசையைத் துடை. பேஸ் கோட், நிறம் இரண்டு கோட், டாப் கோட், எல்லாமே மெல்லியதாக இருக்கட்டும். நக நுனியின் விளிம்பையும் பிரஷால் ஒரு தடவு தடவி மூடு. தோலில் பட்டுவிட்டால், விளக்குக்குள் போவதற்கு முன்பே மரக்குச்சியால் வழித்துத் துடை. விளக்குக்குள் போய்வந்த பிறகு துடைக்க முடியாது. கட்டைவிரலை மற்ற நான்கோடு சேர்த்து வைக்காதே. அது பக்கவாட்டில் சாயும், ஜெல் ஒழுகும், ஒளியும் நேராகப் படாது. நான்கை முடித்துவிட்டு அதைத் தனியாக வை. கடைசியில் மேலே நிற்கிற பிசுபிசுப்பும் கைகோக்காத ஜெல்தான், அதை வெறும் விரலால் தடவிப் பார்க்காதே. திண்ணை வெயிலில் உட்கார்ந்து போடாதே. சூரிய ஒளியே பாட்டிலில் இருப்பதைக் கெட்டியாக்கத் தொடங்கிவிடும்.

விளக்கு விஷயத்தில்தான் வீட்டில் செய்பவர்கள் ஏமாறுகிறார்கள். பெட்டியில் போட்டிருக்கும் வாட் கணக்கு உன் ஜெல்லுக்குப் போதுமான ஒளி வருகிறது என்பதற்குச் சான்று ஆகாது. எந்த ஜெல்லோ அதே கம்பெனி சொல்கிற விளக்கு, அவர்கள் சொல்கிற நேரம். செல்போன் சார்ஜரில் ஓடும் குட்டி விளக்கை நம்பாதே. மேலே கல்லாக இருக்கும், அடியில் பச்சையாக நிற்கும், தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கறுப்பும் அடர் சிவப்பும் ஒளியை மறிக்கிற நிறங்கள், அவற்றை இன்னும் மெல்லிசாகப் போடு. நடுவில் கரண்ட் போனால் விரலை எதிலும் படாமல் வைத்திரு, வந்ததும் நேரத்தை முதலிலிருந்து எண்ணு.

அந்த ஒளி புற ஊதா ஒளி. 2023 ஜனவரியில் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களை நகம் காயவைக்கும் இயந்திரத்தில் 20 நிமிடம் வைத்தபோது 20 முதல் 30 சதவீதம் வரை செத்தன, மிஞ்சியவற்றின் மரபணுவிலும் சேதம் தெரிந்தது. அது தட்டில் வளர்ந்த செல், முழு மனிதக் கை அல்ல. ஆனாலும் கைக்குச் சன்ஸ்கிரீன் தடவுவது, இல்லாவிட்டால் நுனி வெட்டிய கையுறை மாட்டுவது, இரண்டும் சின்ன வேலைதானே.

விளக்குக்குள் சில சமயம் நகம் சுரீரென்று சுடும். ஜெல் கெட்டியாகும்போது வருகிற சூடு அது. கனமாகப் போட்டால் அதிகம் சுடும். சுட்டால் கையை வெளியே எடு, பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதே. இதைச் சொல்லும்போது எனக்கு டாக்டர் பால் பிராண்ட் நினைவுக்கு வருகிறார். உன் ஊரிலிருந்து வடக்கே சித்தூர், தெற்கே வேலூர். அந்த வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு 1946-இல் வந்தவர், தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர். காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் ஆய்வு மையத்திலும் அவர் பங்கு உண்டு. அந்த நோயாளிகளின் விரல்கள் தேய்ந்து போவதற்குக் காரணம் சதை அழுகுவது அல்ல, வலி தெரியாததால் அவர்கள் சுட்டுக்கொள்வதும் வெட்டிக்கொள்வதும்தான் என்று உலகுக்கு எடுத்துச் சொன்னவர் அவர். வலி உடம்புக்குக் காவல் என்று வாழ்நாள் முழுக்கப் பேசினார். நீ கை பிடிக்கப்போகும் பெண்களில் சர்க்கரை நோயால் விரல் மரத்துப்போனவர் இருக்கலாம். சூடு அவருக்குத் தெரியாது. சர்க்கரை இருக்கிறதா, விரல் மரத்திருக்கிறதா என்று கேட்காமல் விளக்கைப் போடாதே.

இன்னும் சிலருக்கு இல்லை என்று சொல்லப் பழகு. நர்சிங் படிக்கிற பெண்ணுக்கு வேண்டாம். நோயாளியைத் தொடுகிறவர்கள் செயற்கை நகம் வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இலேயே வழிகாட்டியிருக்கிறது. பிரசவமோ அறுவை சிகிச்சையோ நெருங்கியிருக்கும் பெண்ணுக்கும் வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி நகத்தின் வழியாகத்தான் பார்க்கிறது, சாயம் அதைக் குழப்பலாம். நகத்தில் பச்சை படர்ந்தவர், சொத்தை விழுந்தவர், நகச்சுத்தி உள்ளவர் முதலில் மருத்துவரைப் பார்க்கட்டும். மூடி மறைத்துக் கொடுக்காதே, அடியில் அது வளரும். ஹேர் டை போட்டுத் தலை வீங்கியவர், கருப்பு மருதாணியில் கொப்பளித்தவர் வந்தால் நின்று யோசி. அவர்களைத் தாக்கிய, சாயத்தில் இருக்கும் பி.பி.டி. வேறு ரசாயனம்தான், ஆனால் தோல் ஒருமுறை அடி வாங்கியவர்கள் அவர்கள்.

எடுப்பதைப் பற்றி ஒன்றே ஒன்று. பிய்க்காதே. பிய்த்தால் நகத்தின் மேல் அடுக்கும் கூடவே வரும், விரல் நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர்தான் வளரும், புது நகம் முழுசாக வர நாலிலிருந்து ஆறு மாதம். டாப் கோட்டை அராவிவிட்டு, அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து ஃபாயில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் பொறு, தானே கிளம்பும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், கேஸ் அடுப்போ பூஜை விளக்கோ எரிகிற இடத்தில் திறக்காதே. அராவும் தூளை ஈரத் துணியால் துடைத்தெடு, சாப்பாட்டுப் பக்கம் பறக்க விடாதே.

கல்யாணப் பெண்ணுக்கு வருகிறேன். இப்போது ஆனி. உனக்கு இரண்டு மாதம் இருக்கிறது, பழகு. ஆவணிக்குள் கை சுத்தமாக வரவில்லையென்றால் அவளிடம் நேராகச் சொல்லிவிடு. உங்கள் ஊரில் ஆஷாடம் வந்தால் தெலுங்கு வீடுகளில் கோரிண்டாகு அரைப்பார்கள், நம் வீடுகளில் ஆடியில் மருதாணி அரைப்போம். பச்சை இலையை அரைத்து வைத்த சிவப்பு நகத்தோடு மணவறையில் உட்காருவதில் எந்தக் குறையும் இல்லை. அதை அழகாக வைக்கத் தெரிவதும் உன் தொழில்தான். காசு வாங்குவதற்கு இன்னும் கொஞ்ச காலம் போகட்டும்.

உனக்கோ உன்னிடம் போட்டுக்கொண்டவருக்கோ நகத்தைச் சுற்றி நமைச்சல் வந்தால் அன்றே நிறுத்து. களிம்பு தடவிக்கொண்டு மறுபடி போடாதே. நீ பயன்படுத்திய பாட்டில்கள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு தோல் மருத்துவரிடம் போ. எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று பேட்ச் டெஸ்ட்டில் கண்டுபிடிப்பார்கள். சித்தூரும் வேலூரும் உனக்கு ஒரு பஸ் தூரம்தான்.

அன்புடன்,
காட்பாடி அக்கா