எழுதவும் வரையவும் உட்காருகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் பகல் வேலை முடிந்து வந்து, ராத்திரியில் நோட்டைத் திறக்கிறவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. அவர்களுக்காக:

1. 'எதற்காக எழுதுகிறேன்' என்று யோசித்தே பொழுதைக் கழிக்காதீர்கள். 'யாருக்காக' என்று கேளுங்கள், பதில் சீக்கிரம் வரும். தீப்பெட்டியாபீஸுக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம். அவர் பெயரை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அவருக்கு வாசித்துக் காட்டக் கூச்சப்படும் வரியை அடித்துவிடுங்கள்.

2. துண்டுத்தாளும் பென்சிலும் வேலை செய்யும் இடத்திலேயே இருக்கட்டும். பிழைப்பு வேலை எழுத்துக்குத் தடையல்ல. எழுத்தாளர் மேலாண்மை பொன்னுச்சாமி ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மேலாண்மறைநாட்டில் பெட்டிக்கடை நடத்தினார். மேலும் படிக்க முடியவில்லையே, நகரத்தில் இல்லையே என்று அவர் பேனாவை மூடி வைக்கவில்லை. தன் ஊர்ச் சம்சாரிகளையும் கூலிக்காரர்களையுமே எழுதினார். 'மின்சாரப் பூ' சிறுகதைத் தொகுப்புக்கு 2007இல் சாகித்திய அகாதெமி விருது வந்தது. கதைக்கு ஊர் தேடிப் போகிறவர்கள் அவரை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

3. தாளுக்குச் செலவு வேண்டாம். தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தால் கிளிப் போட்டுச் சேர்த்து வையுங்கள்; ஒரு தாளுக்கு ஒரு யோசனை. மாதக் காலண்டரின் வழவழப்பான பக்கத்தில் பென்சில் பிடிக்காது, பின்பக்கம் பிடிக்கும். பிள்ளைகளின் பழைய நோட்டுகளில் மிஞ்சிய பக்கங்களைப் பிரித்து, நடுவில் ஊசிநூலால் தைத்தால் புது நோட்டு.

4. பழைய சாமி படக் காலண்டர் கிடைத்தால் தூக்கிப் போடுவதற்கு முன் அடியில் உள்ள கையெழுத்தைப் பாருங்கள். கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) பெயர் இருக்கலாம். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்து, கோவில்பட்டியில் தங்கியவர். அவர் வரைந்த தெய்வங்கள் சிவகாசியில் அச்சாகி, கடைச் சுவர்களிலும் அடுப்படிகளிலும் ஏறி உட்கார்ந்தன. கூடத்தில் மாட்டி மாலை போட்டு விளக்கேற்றிய அந்தப் படங்களைக் 'காலண்டர் ஓவியம்தானே' என்று தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எத்தனை ஓவியர்களுக்கு அந்த இடம் கிடைத்திருக்கிறது? பல படங்களில் சீடர் டி.எஸ். சுப்பையாவின் பெயரும் கொண்டையராஜுவின் பெயரோடு சேர்ந்தே இருக்கும். உங்களுக்கு வண்ணம் தீட்டித் தந்த தம்பியின் பெயரையும் அப்படியே போடுங்கள்.

5. வயது தாண்டிவிட்டது என்று ஒதுங்க வேண்டாம். இடைசெவல் கி. ராஜநாராயணன் கதை எழுத வந்தபோது முப்பதைத் தாண்டிய விவசாயி.

6. எழுத்து ஓடாத நாளில் ஊர்ச் சொற்களையும் பழைய நிகழ்வுகளையும் சேகரியுங்கள். கி.ரா. கரிசல் பேச்சுக்கு ஓர் அகராதியே தொகுத்தார். பூமணியின் 'அஞ்ஞாடி' நாவல் ஆயிரம் பக்கத்துக்கு மேல்; 1895 கழுகுமலைக் கலவரமும் 1899 சிவகாசிக் கலவரமும் அதில் வருகின்றன. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் பஞ்ச காலத்தைப் பற்றிக் கேளுங்கள். அவர் சொன்ன சொல்லை மாற்றாமல், தேதி போட்டுத் தனி நோட்டில் எழுதுங்கள்.

7. எழுதிய தாள்களில் இராமபாணப் பூச்சி ஏறாமல் இருக்க, நிழலில் நன்றாகக் காய்ந்த வேப்பிலையை நடுநடுவே வையுங்கள். ஈர இலை வைத்தால் பூசணம் பிடிக்கும். வசம்பைத் துணியில் முடிந்து டிரங்குப் பெட்டிக்குள் போடலாம். வாசனை போனதும் மாற்றுங்கள்.