இருமல் நின்ற பிறகும் மாத்திரை எதற்கு?

கேள்வி:

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்தில் லைன் வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறேன். சின்னதாக ஒரு மெஸ்ஸும் நடத்துகிறேன். குடியிருப்பவர்கள் பெரும்பாலும் பீகார், ஒடிசா பையன்கள். ஓர் அறையில் ஐந்தாறு பேர். வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு தம்பிக்கு மாதக்கணக்கில் இருமல். மெடிக்கல் ஷாப்பில் இரண்டு முறை ஐந்து நாள் மாத்திரை வாங்கிப் போட்டான். தேவலை என்பான், மறுபடி இருமுவான். கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் சளியைப் பார்த்து டி.பி. என்று சொல்லி, ஆறு மாத மாத்திரை கொடுத்தார்கள். இப்போது இரண்டு மாதம் முடிந்திருக்கிறது. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எடையும் ஏறியிருக்கிறது. சத் பூஜைக்கு ஊருக்குக் கிளம்புகிறான். "சரியாயிடுச்சு அக்கா, இனிமே மாத்திரை எதுக்கு?" என்கிறான். சிறுநீர் சிவப்பாகப் போவது வேறு அவனுக்குப் பயம். எனக்குத் தொண்டைப் புண் வந்தபோது டாக்டர் ஐந்து நாள்தான் ஆன்டிபயாடிக் கொடுத்தார். இவனுக்கு மட்டும் ஏன் ஆறு மாதம்? ரொம்ப நாள் சாப்பிட்டால் உடம்புக்கு மருந்து பழகிப்போய், அப்புறம் கேட்காது என்கிறார்களே? அறையில் இருப்பவர்கள் அவனை வேறு இடம் பார்க்கச் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?

வாசகி, கும்மிடிப்பூண்டி

பதில் (நெஞ்சக நோய் மருத்துவர்):

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. அறையைக் காலி செய்யவும் வேண்டாம். ஊருக்குத் தாராளமாகப் போகலாம், மாத்திரையோடு. "டாக்டர் சொன்னார்" என்பதற்காக மட்டும் யாரும் ஆறு மாதம் மாத்திரை விழுங்கிவிடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் காரணத்தையும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மருந்து பழகிப்போவது உடம்புக்கு அல்ல, கிருமிக்கு. தூக்க மாத்திரை போன்ற சிலவற்றில் உடம்பு பழகுவது உண்மைதான். ஆனால் ஆன்டிபயாடிக் நம் உடம்பின் மேல் வேலை செய்ய வந்த மருந்தே இல்லை. பாக்டீரியாவிடம் இருக்கிற, நம்மிடம் இல்லாத ஒன்றை, அல்லது நம்மிடம் வேறு வடிவத்தில் இருக்கிற ஒன்றைத் தேடிப்பிடித்து முடக்குவதுதான் அதன் வேலை. பெனிசிலின் பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்ட விடாது. மனித செல்லுக்குச் சுவரே கிடையாது, ஆகவே நமக்குப் பாதிப்பில்லை.

அந்தத் தம்பி விழுங்கும் மாத்திரையில் முக்கியமான மருந்து ரிஃபாம்பிசின். பாக்டீரியா தன் மரபணுவில் உள்ள செய்தியைப் படியெடுத்துத்தான் தனக்கு வேண்டிய புரதங்களைச் செய்துகொள்கிறது. படியெடுக்கும் நொதியில் ரிஃபாம்பிசின் போய் ஒட்டிக்கொண்டால் படி ஆரம்பத்திலேயே அறுந்துவிடும். நம் செல்லில் அதே வேலையைச் செய்யும் நொதியின் அமைப்பு வேறு என்பதால் அங்கே ஒட்டாது. சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது இந்த மருந்தின் நிறம்தான், ரத்தம் இல்லை. வியர்வையும் கண்ணீரும்கூட அப்படி ஆகலாம். மாத்திரை போட்டேன் என்று பொய் சொல்பவர்களை நாங்கள் சில சமயம் பிடிப்பதே இந்த நிறத்தை வைத்துத்தான்.

இரண்டாவது மருந்தான ஐசோனியாசிட் இன்னும் வினோதமானது. விழுங்கும்போது அதற்கு வீரியமே கிடையாது. காசநோய்க் கிருமிக்குள் நுழைந்த பிறகு கிருமியின் சொந்த நொதி ஒன்றுதான் அதை விஷமாக மாற்றுகிறது. அந்த விஷம் கிருமியின் மெழுகுச் சுவர் உருவாகாமல் தடுக்கிறது. அந்த நொதி பழுதான கிருமி ஏதாவது இருந்தால்? அதற்குள் மருந்து வீரியம் பெறாது, அது பிழைத்துக்கொள்ளும். மருந்து எதிர்ப்பு என்று நாங்கள் சொல்வதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட சின்னப் பழுதுதான். கிருமி புத்திசாலித்தனமாக யோசித்து எதையும் கண்டுபிடிப்பதில்லை.

இந்தப் பழுதுகள் மருந்து வருவதற்கு முன்பே இருக்கின்றன. கிருமி ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் மரபணுவைப் பகர்ப்பெடுக்கிறது, அதில் அபூர்வமாகப் பிழை நேர்கிறது. தோராயமாக 10 லட்சம் காசநோய்க் கிருமிகளில் ஒன்று ஐசோனியாசிட்டுக்கு அடங்காதது. ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது 10 கோடியில் ஒன்று. நுரையீரலில் குழி விழுந்த நோயாளிக்கு அந்தக் குழிக்குள் மட்டும் 10 கோடி கிருமிகள் இருக்கக்கூடும். ஐசோனியாசிட் மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட எல்லாக் கிருமியும் சாகும், நோயாளி எழுந்து நடமாடுவார், எல்லோருக்கும் சந்தோஷம். மிஞ்சிய நூறு கிருமிகள் போட்டியில்லாத இடத்தில் பெருகத் தொடங்கும். சில மாதங்களில் அந்தக் குழி முழுக்க ஐசோனியாசிட்டைச் சட்டை செய்யாத கூட்டம் குடியேறிவிடும். இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் கணக்கே மாறிவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் அடங்காத கிருமி கோடி கோடியில் ஒன்று. எந்த நோயாளியின் உடம்பிலும் அத்தனை கிருமி கிடையாது. டி.பி.க்குக் கூட்டு மருந்து கொடுப்பதன் ரகசியம் முழுவதும் இந்தப் பெருக்கல் கணக்குதான்.

இதை உலகம் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டது. 1947-இல் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்தபோது, மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 4 பேர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தார்கள். அதிசய மருந்து என்று கொண்டாடினார்கள். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. தனி மருந்துக்குக் கிருமி எதிர்ப்பைக் காட்டிவிட்டது. பிறகு பாஸ் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோதுதான் எதிர்ப்பு வெகுவாகக் குறைந்தது.

அடுத்த பாடம் நம் ஊரில் நடந்தது. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மீதிப் பேரை அவரவர் வீட்டிலேயே, நெருக்கடியான ஏழை வீடுகளிலேயே, விட்டு மாத்திரை கொடுத்தார்கள். 1959-இல் வெளியான முடிவு மருத்துவ உலகத்தையே அசைத்தது. இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உங்கள் வீட்டில் கூடத் தங்கியிருப்பவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தயாராக இருக்கிறது. தொற்றுக்குப் பெரிய ஆபத்து, அந்தத் தம்பி நோய் தெரியாமல் மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருந்த காலம். மருந்துக்குக் கிருமி கட்டுப்பட்டால் சில வாரங்களிலேயே தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும்.

உங்கள் திருவள்ளூர் வட்டாரத்துக்கும் இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. அது செங்கல்பட்டு மாவட்டமாக இருந்த காலத்தில், 1968-இல், பி.சி.ஜி. தடுப்பூசியை லட்சக்கணக்கான மக்களிடம் சோதித்த மாபெரும் ஆய்வு அந்தக் கிராமங்களில்தான் தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டி.பி.யை அந்த ஊசி தடுக்கவில்லை என்பது விடை. ஏமாற்றமான விடைதான், ஆனால் நேர்மையான ஆய்வு. 1999-இல் அதே வட்டாரத்தில், ஒருவர் கண்முன்னால் மாத்திரை விழுங்கவைக்கும் டாட்ஸ் முறை வந்தது. சில ஆண்டுகளில் நோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது, பிறகு வந்த கணக்கெடுப்பில் சற்று ஏறவும் செய்தது.

அங்கே செய்த இன்னோர் ஆய்வுதான் உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது. குணமாகிவிட்டது என்று அறிவிக்கப்பட்ட 503 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 62 பேருக்கு நோய் திரும்பியது, பெரும்பாலோருக்கு முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே. யாருக்குத் திரும்பியது என்று பார்த்தால், மாத்திரையை விட்டுவிட்டுப் போட்டவர்கள், தொடக்கத்திலேயே மருந்துக்கு அடங்காத கிருமி இருந்தவர்கள், புகைபிடிப்பவர்கள் ஆகியோர் முன்வரிசையில் இருந்தார்கள். அப்போது வாரத்துக்கு மூன்று நாள் மாத்திரை; இப்போது தினமும்.

சரி, மருந்துக்கு அடங்காத கிருமியைக் கூட்டு மருந்து பார்த்துக்கொள்கிறது என்றால் இரண்டு மாதம் போதாதா? போதாது. ஏனென்றால் இன்னொரு வகைக் கிருமி இருக்கிறது. அதற்கு எதிர்ப்பு எதுவும் கிடையாது, வெறுமனே உறங்கும். நம் குடலில் உள்ள ஈ.கோலை தோதான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு அதற்கே ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும், சிலது அதுவும் செய்யாமல் முடங்கிக் கிடக்கும். ஆன்டிபயாடிக் பெரும்பாலும் வேலை செய்கிற கிருமியைத்தான் கொல்லும். சுவர் கட்டாதவனிடம் சுவர் கட்டுவதைத் தடுக்கும் மருந்துக்கு என்ன வேலை? தோட்டத்தில் கோரையை மேலாகப் பிடுங்கிவிட்டு, கிழங்கை மண்ணுக்குள் விட்ட மாதிரிதான். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் துடிப்பான கூட்டத்தை அழிக்கின்றன. அடுத்த நான்கு மாதம், நான்கில் ஒன்றான பைரசினமைடை நிறுத்திவிட்டு மூன்று மருந்துகள், உறங்குகிறவை விழிக்க விழிக்கக் கொல்வதற்காக. அந்தத் தம்பி இப்போது நிற்பது இந்த இரண்டு கட்டத்துக்கும் நடுவில். இருமல் நின்று, எடை ஏறி, ஊர் ஞாபகம் வருகிற நேரம் அது. விட்டுப்போகிறவர்களில் பலர் விடுவது இந்த இடத்தில்தான்.

விட்டால் நோய் திரும்பலாம். கொஞ்ச நாள் போட்டு, கொஞ்ச நாள் விட்டு என்று இழுத்தால் கிருமி எதிர்ப்பையும் சேர்த்துக்கொண்டு திரும்பலாம். 2014 முதல் 2016 வரை நாடு முழுவதும் எடுத்த கணக்கின்படி, முதல் முறை நோய் வந்தவர்களில் 100-க்கு ஏறத்தாழ 3 பேருக்கு ரிஃபாம்பிசினுக்கும் ஐசோனியாசிட்டுக்கும் அடங்காத கிருமி இருந்தது. முன்பே சிகிச்சை எடுத்தவர்களில் அது 100-க்கு 11 பேருக்கு மேல்.

இனி உங்கள் தொண்டைப் புண். பெரும்பாலான தொண்டைப் புண் வைரஸால் வருவது. அதற்கு ஐந்து நாள் வேண்டாம், ஒரு நாள் ஆன்டிபயாடிக்கூடத் தேவையில்லை. பாக்டீரியாவால் வரும் சாதாரண நிமோனியா பலருக்கு ஐந்து நாளில் அடங்கிவிடும், அதற்கு மேல் கொடுத்துப் பயனில்லை. "ஆரம்பித்த ஆன்டிபயாடிக்கை முடித்தே தீர வேண்டும்" என்பது டி.பி.யில் அசைக்க முடியாத விதி. அதை எல்லா நோய்க்கும் நீட்டிச் சொல்லி எங்கள் துறை மக்களைக் குழப்பியிருக்கிறது என்பது என் கருத்து. மற்ற நோய்களில் தேவைக்கு மேல் நீளும் ஒவ்வொரு நாளும் நம் குடலில் சும்மா இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாவில் எதிர்ப்புள்ளவற்றை வளர்த்துவிடும். காசநோய்க் கிருமி தன் எதிர்ப்பைப் பக்கத்துக் கிருமிக்குக் கொடுக்காது, தன் சந்ததிக்கு மட்டுமே விட்டுச்செல்லும். குடல் பாக்டீரியா அப்படி இல்லை. எதிர்ப்பு மரபணுவை வேற்று இனத்துக்கும் கைமாற்றும். 2010-இல் உலகத்தையே அலறவைத்த என்.டி.எம்.-1 அப்படிக் கைமாறும் எதிர்ப்பு மரபணுதான். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளரும் பங்கேற்று அந்த ஆண்டு வெளியான ஆய்வில், சென்னை மாதிரிகளில் மட்டும் 44 பாக்டீரியாக்களில் அது இருந்தது.

மெடிக்கல் ஷாப் மாத்திரையை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்துவது அதுதான். இருமலுக்குக் கடையில் நீட்டும் மாத்திரைகளில் லிவோஃப்ளாக்சசின் சகஜம். அது டி.பி. கிருமியையும் ஓரளவு அடிக்கும். அதனால் நோய் தற்காலிகமாகத் தணிந்து, கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். போதாக்குறைக்கு அது தனி மருந்து. மேலே சொன்ன நூறு கிருமிக் கணக்கு அதற்கும் பொருந்தும். ரிஃபாம்பிசின் கைவிடும்போது நாங்கள் நம்பியிருப்பதும் லிவோஃப்ளாக்சசின் குடும்ப மருந்துகளைத்தான். டி.பி. மருந்துகளும் வீரியமான பல ஆன்டிபயாடிக்குகளும் 2014 முதல் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். கடையில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தத் தம்பியின் பழைய மாத்திரை அட்டைகள் கிடைத்தால் ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியவை இவை. கிளம்பும் முன் அவர் டி.பி. பிரிவுக்குப் போய் இரண்டாம் மாதச் சளிப் பரிசோதனையை முடிக்க வேண்டும். ட்ரூநாட் அல்லது சிபிநாட் கருவியில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு பார்த்தார்களா என்று கேட்க வேண்டும். ஓரிரு மணி நேரத்தில் விடை கிடைக்கும். ஊருக்குப் போகும் தேதியைச் சொன்னால் பயணத்துக்கு வேண்டிய மாத்திரையைக் கொடுத்து, நிக்ஷய் எண்ணை (டி.பி. நோயாளிப் பதிவு எண்) வைத்து பீகாரில் உள்ள மையத்துக்கு மாற்றிவிடுவார்கள். மருந்து அங்கேயும் இலவசம். மாதம் 1000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி வங்கிக் கணக்கில் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளட்டும். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும், கல்லீரல் பாதிப்பாக இருக்கலாம். இந்த ஆறு மாதம் குடி அறவே கூடாது. திரும்பி வந்ததும் வார்ப்பட மணல் தூசி இல்லாத வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். சிலிகா தூசி நுரையீரலை டி.பி.க்குத் திறந்துவிடும்.

அறையில் உள்ள மற்றவர்கள் எல்லோரும் எக்ஸ்-ரே எடுத்து, அறிகுறி இருந்தால் சளியும் கொடுக்க வேண்டும். நோய் இல்லாதவர்களுக்கு வராமல் தடுக்கும் மாத்திரை உண்டு, அதை மருத்துவர் முடிவு செய்வார். நீங்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. அறையில் ஆளைக் குறையுங்கள், மூடிக்கிடக்கும் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். டி.பி. காற்றில் பரவுவது, தட்டிலும் டம்ளரிலும் பரவாது. மெஸ்ஸில் அவருக்குத் தனிப் பாத்திரம் தேவையில்லை, முட்டை வேண்டுமானால் ஒன்று கூடுதலாக வையுங்கள்.